ஆபீஸ் மெயில் சர்வரை வெளியூர் ஆட்களுக்கு எப்படிக் கொடுப்பது? ரவுட்டரில் போர்ட் திறந்தும் உள்ளே வர முடியவில்லை

வார்ப்படவாசு எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். கோயம்புத்தூரில் பம்ப் உதிரிபாகம் வார்க்கும் சின்ன கம்பெனி எங்களுடையது. 18 பேருக்கு மெயில் ஐடி இருக்கிறது. நான் அக்கவுண்ட்ஸ் ஆள்தான், ஆனால் பிரிண்டர் மக்கர் செய்தாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள், அந்த வழக்கத்திலேயே மெயில் சர்வரும் என் தலையில் வந்து விழுந்துவிட்டது. சர்வர் என்றால் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம், என் மேஜைக்கு அடியில் இருக்கும் ஒரு பழைய பிசி, உபுண்டு 18.04 லினக்ஸ், அதில் மெயில் அனுப்பும் போஸ்ட்ஃபிக்ஸும், வந்த மெயிலைப் பெட்டியில் காட்டும் டவ்காட்டும் ஓடுகிறது. போட்டுக்கொடுத்த பையன் வேலையை விட்டு துபாய் போய் மூன்று வருஷம் ஆகிறது. பாஸ்வேர்டு எழுதிய ஒரு டைரிப் பக்கத்தை மட்டும் கொடுத்துவிட்டுப் போனான்.

இப்போது ஆறு பேர் வெளியே இருந்து வேலை செய்கிறார்கள். ராஜ்கோட், ஐதராபாத், விஜயவாடாவில் சேல்ஸ் ஆட்கள் மூன்று பேர். பிரசவத்துக்குப் பொள்ளாச்சி போயிருக்கும் எங்கள் அக்கவுண்ட்ஸ் அக்கா வீட்டிலிருந்தே பில் பார்க்கிறார். அப்புறம் முதலாளியும் அவர் பையனும். இத்தனை நாள் எப்படி ஓடியது என்றால், "எனக்கு மெயில் வந்திருக்கா பாரு" என்று போன் வரும், ரிசப்ஷனில் இருக்கும் பெண் அவரவர் சொந்த ஜிமெயிலுக்கு ஃபார்வர்டு செய்வாள், அவர்கள் ஜிமெயிலிலிருந்தே கஸ்டமருக்குப் பதில் போடுவார்கள். போன வாரம் ஒரு கஸ்டமர் "உங்கள் ஆள் என்று யாரோ ஜிமெயிலில் கொட்டேஷன் அனுப்புகிறார், நிஜம்தானா?" என்று கேட்டதும் முதலாளிக்குக் கோபம் வந்துவிட்டது.

பக்கத்து கம்பெனிக்காரர் "ரவுட்டரில் ஒரு போர்ட்டைத் திறந்துவிட்டால் முடிந்தது" என்றார். மெயில் படிக்கும் 993 போர்ட்டை, ஆபீஸுக்குள் சர்வரின் எண்ணான 192.168.1.10-க்கு ஃபார்வர்டு செய்துவிட்டேன். ஆபீஸ் வைஃபையில் வருகிறது, மொபைல் டேட்டாவுக்கு மாறினால் சுற்றிக்கொண்டே இருந்து நின்றுவிடுகிறது. இன்னொரு விசித்திரமும் உண்டு. ராஜ்கோட் ஆள் தானாகவே வெப் ஹோஸ்டிங்கில் இருக்கும் மெயில் முகவரியைப் போட்டு போனில் கணக்குத் தொடங்கியிருக்கிறார். மெயில் வருகிறதாம், படித்துக்கொண்டிருக்கும்போதே ஐந்து நிமிஷத்தில் காணாமல் போகிறதாம். அவர் போனில் ஏதோ கோளாறு என்றுதான் நான் சொல்லிவைத்திருக்கிறேன்.

என்ன செய்யலாம்?

---

ராத்திரிஷிப்ட் எழுதியது:

ஏன் இந்தத் தலைவலி? 18 பேருக்கு மேஜைக்கு அடியில் சர்வர் வைத்திருப்பதே தப்பு. ஜோஹோவிலோ கூகுளிலோ கணக்கு வாங்கி, உங்கள் டொமைனின் டிஎன்எஸ்ஸில் எம்எக்ஸை (வரும் மெயில் எந்த சர்வருக்குப் போக வேண்டும் என்று சொல்லும் பதிவு) மாற்றிவிட்டுத் தூங்கப் போங்கள். அதுவரை அவசரத்துக்கு, தூரத்திலிருந்து கம்ப்யூட்டரை இயக்கும் எனிடெஸ்க் மாதிரி ஏதாவது போட்டு ஆபீஸ் பிசியிலேயே அவர்கள் மெயில் பார்த்துக்கொள்ளட்டும்.

---

கம்பிவடம் எழுதியது:

எனிடெஸ்க் யோசனையை மட்டும் விட்டுவிடுங்கள். மெயில் பார்க்க வருகிறவருக்கு மொத்தக் கம்ப்யூட்டரையும் கொடுத்த மாதிரி ஆகிவிடும், அதில் டேலியும் இருக்கும், பேங்க் லாகினும் இருக்கும். போதாததற்கு ஆறு பேருக்கு ஆறு பிசி ஆபீஸில் சும்மா ஓடிக்கொண்டிருக்க வேண்டும்.

வாசு, நீங்கள் சொன்ன அந்த ஐந்து நிமிஷ விஷயம்தான் உங்கள் கேள்விக்கே சாவி. ராஜ்கோட்காரர் போனில் கோளாறு இல்லை, அவரிடம் ஒரு சாரி சொல்லிவிடுங்கள். இரண்டு விஷயம் பார்த்துச் சொல்லுங்கள், மீதியை அப்புறம் பேசலாம்.

முதலில் ரவுட்டருக்குள் போய் வான் ஐபி (ரவுட்டருக்கு இன்டர்நெட் பக்கம் கிடைத்திருக்கும் எண்) என்று எது காட்டுகிறது என்று பாருங்கள். 100.64-இலிருந்து 100.127-க்குள் தொடங்குகிறதா? அதே நேரத்தில் கூகுளில் "என் ஐபி என்ன" என்று தேடினால் வேறு எண் காட்டுகிறதா? அப்படியென்றால் நீங்கள் சிஜிநாட்டுக்குப் பின்னால் இருக்கிறீர்கள். ஒரே பொது ஐபியை இன்டர்நெட் கம்பெனி நிறைய வாடிக்கையாளர்களுக்குப் பங்கு போட்டுக் கொடுக்கிறது, அதற்கென்றே 2012-இல் ஒதுக்கிய எண்கள்தான் அந்த 100.64 வரிசை. அப்பார்ட்மெண்ட்டில் உங்கள் வீட்டுக் கதவை மட்டும் திறந்துவைத்துவிட்டு, கீழே மெயின் கேட் பூட்டியிருக்கும்போது விருந்தாளிக்குக் காத்திருப்பது மாதிரி. உங்கள் ரவுட்டரில் என்ன திறந்தாலும் வெளியே இருப்பவருக்கு அது தெரியவே தெரியாது.

இரண்டாவது, சர்வரில் ஃபெட்ச்மெயில் என்று ஒன்று ஓடுகிறதா பாருங்கள். ஓடும் என்றுதான் நினைக்கிறேன்.

---

வார்ப்படவாசு எழுதியது:

அண்ணா, நேரில் வந்து பார்த்த மாதிரி சொல்கிறீர்கள். ரவுட்டரில் 100.83 என்று ஆரம்பிக்கிறது, வெளியே காட்டுவது வேறு. ஃபெட்ச்மெயிலும் ஓடுகிறது, அதன் கோப்பில் 18 பேர் பெயரும் பாஸ்வேர்டும் வரிசையாக இருக்கின்றன, 300 என்று ஒரு எண்ணும் இருக்கிறது.

முதலாளியிடம் கேட்டதில் இன்னொன்றும் தெரிந்தது. முன்னால் ஸ்டாட்டிக் ஐபியோடு (நமக்கே நமக்கான, மாறாத பொது எண்) ஒரு லைன் இருந்திருக்கிறது. போன வருஷம் பாதி விலைக்கு ஃபைபர் தருகிறார்கள் என்று மாறியிருக்கிறார்கள். லைன் மாறியபோது மெயில் ஒரு நாள்கூட நிற்கவில்லையே, எப்படி?

---

கம்பிவடம் எழுதியது:

நிற்காததற்குக் காரணமே ஃபெட்ச்மெயில்தான். வெளியே இருந்து வரும் மெயில் உங்கள் மேஜைக்கு அடியில் இருக்கும் பெட்டிக்கு நேராக வருவதில்லை. எம்எக்ஸ் காட்டுவது வெப் ஹோஸ்டிங்கை, அங்கேதான் மெயில் முதலில் விழுகிறது. உங்கள் சர்வர் 300 நொடிக்கு ஒருமுறை போய் அங்கே இருப்பதை அள்ளிக்கொண்டு வந்து, எடுத்ததை அங்கிருந்து அழித்துவிடுகிறது. தனியாக "வைத்திரு" என்று சொல்லாவிட்டால் ஃபெட்ச்மெயிலின் குணம் அது. ராஜ்கோட்காரர் படித்துக்கொண்டிருக்கும்போது மெயில் மறைந்தது இதனால்தான். தானே போய் எடுத்து வருகிறவனுக்கு நம் வீட்டு விலாசம் எதற்கு? அதனால்தான் பொது ஐபி போனதே உங்களுக்குத் தெரியவில்லை. துபாய் பையன் கெட்டிக்காரன், ஆனால் டைரியில் இதை ஒரு வரி எழுதியிருக்கலாம்.

இப்போது உங்களுக்கு மூன்று வழி.

ஃபெட்ச்மெயிலை நிறுத்திவிட்டு எல்லோரும் ஹோஸ்டிங்கையே ஐமேப்பில் (மெயில் சர்வரிலேயே இருக்கும், எங்கிருந்தும் பார்க்கலாம்) பார்ப்பது. காசு செலவில்லை, ஆனால் ஹோஸ்டிங்கில் எவ்வளவு இடம் வாங்கியிருக்கிறீர்கள் என்று பாருங்கள். ட்ராயிங் அனுப்பும் தொழில், 18 பேர், வருஷக்கணக்கில் மெயில் சேரும், வெப்சைட்டுக்கென்று வாங்கிய இடம் சீக்கிரம் நிரம்பிவிடும். நிரம்பினால் வரும் மெயில் திரும்பிப் போகும்.

ராத்திரிஷிப்ட் சொன்ன மாதிரி மெயிலையே தொழிலாகச் செய்கிறவர்களிடம் போவது. என்னைக் கேட்டால் இதுதான் சரி. ஆள் ஒன்றுக்கு மாதம் இவ்வளவு என்று கொடுப்பீர்கள், ஸ்பேம், பேக்கப், இரண்டடுக்கு லாகின் எல்லாம் அவர்கள் பாடு.

மூன்றாவது, சர்வர் ஆபீஸிலேயே இருக்கட்டும், ஆனால் அதை இன்டர்நெட்டுக்குத் திறக்காமல் ஆறு பேருக்கு மட்டும் விபிஎன் (இன்டர்நெட் வழியே பூட்டிய ஒரு தனிப்பாதை) கொடுப்பது. ஸ்டாட்டிக் ஐபி இல்லாமலேயே செய்யலாம்.

இந்த மூன்றில் எதற்குப் போனாலும் ஒரு குழி காத்திருக்கிறது. ஆபீஸ் பிசிகளில் அவுட்லுக் எப்படி வைத்திருக்கிறீர்கள், பாப் முறையிலா, ஐமேப்பிலா?

---

நூல்கட்டு எழுதியது:

பேச்சு போகும் போக்கில் என் அனுபவம் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், போர்ட் திறக்கிற ஆசை மறுபடி யாருக்காவது வந்தால் ஞாபகம் வரட்டும்.

நான் முன்பு வேலை பார்த்த பின்னலாடை ஏற்றுமதி கம்பெனியில் ஸ்டாட்டிக் ஐபி இருந்தது. மெர்ச்சண்டைசர்கள் வீட்டிலிருந்து மெயில் பார்க்க வேண்டும் என்று 143-ஐயும் வெப்மெயிலையும் நான்தான் திறந்தேன். ஆமாம், பூட்டுப் போட்ட 993 அல்ல, பூட்டில்லாத 143, சர்டிஃபிகேட் போடச் சோம்பல். திறந்த அன்றைக்கு ராத்திரியே லாகில் பார்த்தால் அட்மின், இன்ஃபோ, சேல்ஸ், டெஸ்ட் என்று பெயர் மாற்றி மாற்றி எங்கெங்கிருந்தோ கதவைத் தட்டிக்கொண்டிருக்கிறார்கள். தட்டுகிறவர்கள் தட்டட்டும் என்று விட்டேன். சேல்ஸ் கணக்கை நாலு பேர் பகிர்ந்துகொண்டிருந்தார்கள், பாஸ்வேர்டு கம்பெனி பெயரும் 123-ம்.

உள்ளே வந்தவன் ஸ்பேம் அனுப்பியிருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும். அவன் எதுவுமே செய்யவில்லை. வெப்மெயிலின் ஃபில்டர் பகுதியில் ஒரே ஒரு விதி, "இன்வாய்ஸ்" என்று சொல் வரும் எல்லா மெயிலுக்கும் ஒரு நகல் வெளியே போகட்டும், அவ்வளவுதான். மூன்று வாரம் உட்கார்ந்து படித்திருக்கிறான். அப்புறம் எங்கள் டொமைன் பெயரில் ஒரு எழுத்து மட்டும் மாறிய முகவரியிலிருந்து பையருக்கு ஒரு மெயில் போயிருக்கிறது, எங்கள் பெண் எழுதுகிற அதே "கைண்ட்லி" எல்லாம் போட்டு, பேங்க் கணக்கு மாறிவிட்டது என்று. இன்வாய்ஸ் எண் சரி, தொகை சரி, எங்கள் லெட்டர்ஹெட்கூட சரி. பையர் பணம் கட்டிவிட்டு ரசீது அனுப்பியபோதுதான் எங்களுக்கு விஷயமே தெரியும். பணம் திரும்பி வரவில்லை. பாதி நஷ்டம் நாங்கள், பாதி அவர்கள் என்று பேசி முடித்தோம், அடுத்த சீசன் ஆர்டர் வரவில்லை.

ஆகவே வாசு, பாஸ்வேர்டை மாற்றுவதோடு நிற்காமல் ஒவ்வொரு கணக்கிலும் ஃபார்வர்டு விதி ஏதாவது ஏற்கெனவே இருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள். பாஸ்வேர்டு மாற்றினாலும் அந்த விதி பாட்டுக்கு வேலை செய்துகொண்டே இருக்கும்.

அப்புறம் வெப்மெயில். ரவுண்ட்க்யூப் என்கிற வெப்மெயில் மென்பொருளில் பத்து வருஷமாக ஒளிந்திருந்த ஓட்டை ஒன்று 2025 ஜூனில் வெளியே வந்தது, யாராவது ஒருவருடைய பாஸ்வேர்டு கையில் கிடைத்தால் சர்வரையே பிடித்துவிடலாம் என்கிற அளவுக்கு. உடனே புதுப்பித்தவர்கள் தப்பித்தார்கள். எங்களை மாதிரி "ஓடுகிறதே, எதற்குத் தொடணும்" என்று இருக்கும் ஆபீஸ்களில் யார் புதுப்பிக்கப் போகிறார்கள்?

---

வார்ப்படவாசு எழுதியது:

இதைப் படித்துவிட்டு உடனே எல்லாக் கணக்கையும் பார்த்தேன். நல்லவேளை, வெளியே போகும் ஃபார்வர்டு எதுவும் இல்லை. ஆனால் சேல்ஸ் பாஸ்வேர்டு எங்களிடமும் நாலு பேருக்குத் தெரியும், அதில் ஒருவர் போன தீபாவளியோடு நின்றுவிட்டார்.

அவுட்லுக் எல்லாம் பாப். ஒரு பிசியில் அவுட்லுக் 2007. பொள்ளாச்சி அக்காவின் லேப்டாப்பை ஆபீஸ் வைஃபையில் வைத்து ஐமேப்பில் போட்டுப் பார்த்தேன், அவருடைய மெயில் சரியாக இரண்டு வாரத்துக்கு மட்டும்தான் இருக்கிறது, அதற்கு முன்னால் எதுவுமே இல்லை. 2007 இருக்கும் பிசிக்காரருடைய பெட்டி சுத்தமாகக் காலி. இதுதான் நீங்கள் சொன்ன குழியா?

முதலாளி விஷயம். வெளி கம்பெனியிடம் மெயிலைக் கொடுக்க அவருக்கு மனசே இல்லை. முன்பு ஹோஸ்டிங் புதுப்பிக்க நாங்களே மறந்து மூன்று நாள் எதுவும் வராமல் போய், ஒரு டெண்டர் கைவிட்டுப் போயிருக்கிறது. "நம்ம மெயில் நம்ம கட்டடத்துக்குள்ள இருக்கணும்" என்கிறார். முதலில் வந்து விழுவதே ஹோஸ்டிங்கில்தான் என்று சொன்னால் அவர் முகம் எப்படி மாறும் என்று தெரியாததால் இன்னும் சொல்லவில்லை.

---

கம்பிவடம் எழுதியது:

அதுதான் குழி. பாப் என்றால் மெயிலை இறக்கிக்கொண்டு சர்வரிலிருந்து எடுத்துவிடும் பழைய முறை. புது அவுட்லுக்குகளில் 14 நாள் நகல் வைத்திருந்து அப்புறம் அழிக்கும் அமைப்பு தானாகவே இருக்கும், அக்காவின் பெட்டியில் இரண்டு வாரம் மட்டும் தெரிவதற்கு அதுதான் காரணம். 2007-இல் வந்ததும் எடுத்துவிடுகிறது. மீதி எல்லா மெயிலும் அவரவர் பிசியில் பிஎஸ்டி கோப்பாகக் கிடக்கிறது. வெளியூர்க்காரருக்கு எவ்வளவு அருமையான விபிஎன் போட்டுக் கொடுத்தாலும் வந்து பார்த்தால் வெறும் பெட்டிதான் இருக்கும், திட்டு உங்களுக்குத்தான்.

ஆகவே முதல் வேலை விபிஎன் இல்லை. எல்லா பிஎஸ்டியையும் ஒரு ஹார்ட் டிஸ்க்கில் நகல் எடுங்கள். அப்புறம் ஒவ்வொரு அவுட்லுக்கிலும் அதே ஆளுக்கு ஐமேப் கணக்கு ஒன்றைப் புதிதாகச் சேர்த்து, பாப் கணக்கை நீக்கிவிட்டு, பழைய கோப்பிலிருந்து தேவையான ஃபோல்டர்களை ஐமேப் பக்கம் இழுத்து விடுங்கள். மொத்தத்தையும் ஒரே மூச்சில் இழுக்காதீர்கள், அவுட்லுக் திணறும். வருஷம் வருஷமாக இழுங்கள். பத்து வருஷ மெயிலும் யாருக்கும் வேண்டியிருக்காது, மூன்று வருஷம் மேலே போனால் போதும், மீதி ஹார்ட் டிஸ்க்கில் தூங்கட்டும். இந்த வேலை நடக்கும் வாரம் மட்டும் ஃபெட்ச்மெயிலில் "வைத்திரு" போட்டுவிடுங்கள், ஏதாவது சொதப்பினாலும் ஹோஸ்டிங்கில் ஒரு நகல் இருக்கும். வேலை முடிந்ததும் எடுத்துவிட மறக்காதீர்கள், இல்லையென்றால் ஹோஸ்டிங் நிரம்பிவிடும்.

அதற்கு முன்னால் அந்த உபுண்டு. 18.04-க்கு வழக்கமான ஆதரவு 2023 மே மாதத்தோடு முடிந்துவிட்டது. இன்னொரு பிசியில் 24.04 போட்டு மெயில் ஃபோல்டர்களை அப்படியே நகல் எடுங்கள். டவ்காட் அதற்குள் வைத்திருக்கும் யுஐடிலிஸ்ட் கோப்புகளும் கூடவே வர வேண்டும். அவற்றை விட்டுவிட்டால் எல்லோருடைய போனும் அத்தனை மெயிலையும் புதிது என்று நினைத்து மறுபடி இறக்கும்.

முதலாளி மாற மாட்டார் என்றால் விபிஎன் இப்படிச் செய்யலாம். மும்பையிலோ பெங்களூரிலோ இருக்கும் டேட்டா சென்டரில் ஆகச் சின்ன விபிஎஸ், அதாவது இணைய சர்வர் ஒன்று வாடகைக்கு எடுங்கள். அதற்குப் பொது ஐபி உண்டு. அதில் வயர்கார்ட் என்கிற விபிஎன் மென்பொருளைப் போடுங்கள், யுடிபி 51820 போர்ட் மட்டும் திறந்திருந்தால் போதும். உங்கள் ஆபீஸ் சர்வர் உள்ளேயிருந்து வெளியே போய் அந்த விபிஎஸ்ஸைப் பிடித்துக்கொள்ளும். வெளியே போவதைத்தான் சிஜிநாட் தடுக்காதே. 25 நொடிக்கு ஒருமுறை "இருக்கிறேன்" என்று சொல்லிக்கொண்டே இருக்கும்படி ஒரு அமைப்பு இருக்கிறது, அதைப் போடாவிட்டால் சும்மா இருக்கும் நேரத்தில் வழி மூடிக்கொள்ளும், காலையில் முதல் ஆள் வரும்போது சர்வர் செத்துப்போன மாதிரி தெரியும். ராஜ்கோட்காரரும் அக்காவும் அதே விபிஎஸ்ஸுக்கு வருவார்கள், அங்கே எல்லோரும் சந்தித்துக்கொள்வார்கள்.

ஆளுக்கு அல்ல, கருவிக்கு ஒரு சாவி கொடுங்கள். லேப்டாப்புக்கு ஒன்று, போனுக்கு ஒன்று. விஜயவாடாவில் யாராவது போனைத் தொலைத்தால் அந்த ஒரு சாவியை மட்டும் வெட்டிவிடலாம், மற்ற ஐந்து பேருக்குத் தெரியக்கூடத் தெரியாது.

எல்லோரும் தடுக்கி விழும் இடம் ஒன்று இருக்கிறது. உங்கள் சர்வர் 192.168.1.10 என்கிறீர்கள். அக்கா வீட்டு ரவுட்டரும் 192.168.1 வரிசையில்தான் இருக்கும், பாதி ஊர் ரவுட்டர் அப்படித்தான் வருகிறது. அவர் 192.168.1.10 என்று தேடினால் பொள்ளாச்சி வீட்டு டிவி பதில் சொல்லும். விபிஎன்னுக்கென்று 10.77.0 மாதிரி தனி வரிசை வைத்து சர்வருக்கு அதில் ஒரு எண் கொடுத்து, அந்த எண்ணைக் காட்டும் பெயரைத்தான் மெயில் கணக்கில் பயன்படுத்த வேண்டும். லேப்டாப் பக்கம் அந்த வரிசை மட்டும் விபிஎன் வழியே போகட்டும். எல்லாவற்றையும் போகவிட்டால் அவர்கள் யூடியூபும் உங்கள் விபிஎஸ் வழியே வரும்.

சர்வரின் ஃபயர்வாலில், விபிஎன் பக்கமிருந்து மெயில் படிக்கும் 993-ம் அனுப்பும் 587-ம் தவிர வேறெதுவும் வரக்கூடாது. வந்தவர்கள் மெயில் பார்க்கத்தான் வந்தார்கள், ஃபைல் ஷேரில் இருக்கும் ட்ராயிங் பார்க்க வரவில்லை. விபிஎஸ்ஸில் மறையாக்கம் ஒரு முறை அவிழ்ந்து மறுபடி கட்டப்படுகிறது என்பதால் ஐமேப்புக்கு டிஎல்எஸ் (மெயில் இணைப்புக்கே போடும் தனி மறையாக்கம்) கண்டிப்பாக வேண்டும், விபிஎன் இருக்கிறதே என்று விடாதீர்கள். அதற்கு வேண்டிய சர்டிஃபிகேட் (சர்வர் நிஜமானதுதான் என்று காட்டும் சான்று) லெட்ஸ் என்கிரிப்டில் இலவசம், 90 நாள் ஆயுள். உங்கள் சர்வர் வெளியே தெரியாததால் டொமைன் உங்களுடையது என்று டிஎன்எஸ் வழியாக நிரூபிக்கும் முறையில்தான் எடுக்க முடியும். சொந்தமாகச் செய்த சர்டிஃபிகேட் வைத்தால் ஐபோன் தினமும் புலம்பும், புலம்பலுக்கு "சரி" அழுத்தி அழுத்தி ஆட்களுக்குக் கை பழகிவிடும், நிஜமாகவே எவனாவது நடுவில் வந்தாலும் "சரி" என்றே அழுத்துவார்கள்.

---

ராத்திரிஷிப்ட் எழுதியது:

விபிஎஸ் கூட வேண்டாம் என்றால் டெயில்ஸ்கேல் பாருங்கள், உள்ளே அதே வயர்கார்ட்தான், சிஜிநாட்டைத் தானே தாண்டிக்கொள்ளும். இலவசத் திட்டத்தில் ஆள் வரம்பு உண்டு, பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆனாலும் சொல்கிறேன், இவ்வளவும் செய்து முடிக்கும் நேரத்தில் ஐந்து கம்பெனியை ஜோஹோவுக்கு மாற்றிவிடலாம்.

---

நூல்கட்டு எழுதியது:

அனுப்பும் பக்கத்தை யாரும் பேசவில்லையே. வெளியூர்க்காரருக்கு மெயில் வரும், பதில் போட்டால் "ரிலே அக்சஸ் டினைட்" என்று திரும்பும். போஸ்ட்ஃபிக்ஸ் ஆபீஸ் வரிசையை மட்டும் நம்புகிறது, வெளியாள் என்றால் அனுப்பித் தராது. அப்போது இணையத்தில் தேடினால் எவனாவது ஒருவன் மைநெட்வொர்க்ஸ் என்கிற நம்பும் பட்டியலில் 0.0.0.0/0 (எல்லோரும்) போடு என்று எழுதியிருப்பான். போடாதீர்கள், அது உலகத்துக்கே இலவசத் தபாலாபீஸ் திறப்பது. 587-இல் பெயரும் பாஸ்வேர்டும் கொடுத்தால் மட்டும் அனுப்பும்படி வையுங்கள், விபிஎன் வரிசையைக்கூட நம்ப வேண்டாம்.

உங்கள் மெயில் இப்போதும் ஹோஸ்டிங் வழியாகத்தான் வெளியே போகிறதா? அப்படியானால் எஸ்பிஎஃப் பதிவில் (உங்கள் டொமைன் பெயரில் எந்த சர்வர் அனுப்பலாம் என்று டிஎன்எஸ்ஸில் சொல்வது) ஹோஸ்டிங் மட்டும்தான் இருக்கும். எவராவது போனில் வேறு எஸ்எம்டிபி (அனுப்பும் சர்வர்) போட்டு உங்கள் டொமைன் பெயரில் அனுப்பினால் ஸ்பேமுக்குப் போகும். 2024 பிப்ரவரியிலிருந்து கூகுளும் யாஹூவும் இதில் ரொம்பக் கறார்.

இன்னொன்று, லாகை 180 நாள் வைத்திருக்க வேண்டும் என்று மத்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரலில் போட்ட உத்தரவில் இருக்கிறது, கம்பெனி என்று இருந்தாலே பொருந்தும், ஊடுருவல் நடந்தால் தெரிந்த 6 மணி நேரத்துக்குள் சொல்லவும் வேண்டும். உபுண்டுவில் லாக் வழக்கமாக நாலு வாரம்தான் நிற்கும். பழைய லாகை அழிக்கும் லாக்ரொட்டேட்டில் அந்த 4-ஐ 26 ஆக்குங்கள். எங்கள் கதையில் அவன் எந்த நாள் உள்ளே வந்தான் என்றே கடைசிவரை கண்டுபிடிக்க முடியாமல் போனதற்கு அந்த 4 தான் காரணம்.

---

தெற்குச்சீமை எழுதியது:

எல்லாம் சரிங்க, கரண்ட் போனால்? மாசாந்திரப் பராமரிப்பு என்று காலை 9-இலிருந்து சாயங்காலம் வரை நிறுத்துவார்களே, அன்றைக்கு வெளியூர்க்காரர் கதி என்ன? ஆபீஸ்காரன் டீக்கடைக்குப் போய்விடுவான், ராஜ்கோட்டில் கரண்ட் இருக்குமே.

---

கம்பிவடம் எழுதியது:

நியாயமான கேள்வி. மெயில் தொலையாது, ஹோஸ்டிங்கில் விழுந்து கிடக்கும், கரண்ட் வந்ததும் ஃபெட்ச்மெயில் போய் எடுத்துவரும். ஆனால் அந்த எட்டு மணி நேரம் யாரும் பார்க்க முடியாது. சர்வர், ரவுட்டர், ஃபைபர் பெட்டி மூன்றுக்கு மட்டும் தனி இன்வெர்ட்டர் வைத்தால் அந்தச் சுமைக்கு ஒரு பகல் ஓட்டிவிடலாம், பழைய பிசியை விடச் சின்ன மினி பிசி என்றால் இன்னும் சுலபம். ஃபைபர் பெட்டியை மறந்துவிட்டு சர்வருக்கு மட்டும் யுபிஎஸ் வைத்த மகான்களை நான் பார்த்திருக்கிறேன்.

---

வார்ப்படவாசு எழுதியது:

பன்னிரண்டு நாள் கழித்து வருகிறேன். நடந்ததைச் சொல்கிறேன்.

முதலாளியிடம் உண்மையைச் சொன்னேன். மெயில் முதலில் ஹோஸ்டிங்கில்தான் விழுகிறது என்றதும் கொஞ்ச நேரம் பேசவில்லை, அப்புறம் "இத்தனை வருஷமாவா?" என்றார். ஆனாலும் சர்வரை விட மனசில்லை. சரி, விபிஎன்தான் என்று முடிவானது. ஹோஸ்டிங் புதுப்பிக்கும் தேதி இப்போது மூன்று பேர் போனில் அலாரமாக இருக்கிறது.

பிஎஸ்டி வேலைதான் உயிரை எடுத்துவிட்டது. இரண்டு ஞாயிற்றுக்கிழமை போனது. 2007 பிசிக்காரருடைய கோப்பு இழுக்கும்போது நடுவில் நின்றுவிட்டது, நகல் எடுத்து வைத்திருந்ததால் பிழைத்தேன். அவர் பிசியிலும் புது அவுட்லுக் போட்டாயிற்று, பட்டன் எல்லாம் இடம் மாறிவிட்டது என்று இரண்டு நாள் என்னிடம் பேசவில்லை. விபிஎன் ஒரே சாயங்காலத்தில் முடிந்தது, ஒன்பது சாவி. சேல்ஸ் கணக்கை மூடி, அந்த முகவரிக்கு வருவது மூன்று பேருடைய பெட்டிக்கும் போகும்படி செய்துவிட்டேன், அவரவர் பெயரிலிருந்தே பதில் போடுகிறார்கள். ரிசப்ஷனில் ஃபார்வர்டு வேலை நின்றுவிட்டது. அந்தப் பெண் "இனிமேல் யாரும் எனக்குப் போன் பண்ண மாட்டாங்களா அண்ணா?" என்று கேட்டாள், சந்தோஷத்திலா வருத்தத்திலா தெரியவில்லை.

பொள்ளாச்சி அக்காவுக்கு முதலில் வரவில்லை. கம்பிவடம் அண்ணா சொன்ன அதே 192.168.1 விவகாரம்தான், பழைய எண்ணையே போட்டு வைத்திருந்தார். மாற்றியதும் வந்துவிட்டது.

ஒரே ஒரு பிரச்சினை மிச்சம். ராஜ்கோட்காரர் ராத்திரி 9 மணிக்கு மேல் வரவே மாட்டேன் என்கிறது என்று நாலு நாளாகப் புகார். விபிஎஸ்ஸைப் பார்த்தேன், சாவியைப் பார்த்தேன், அந்த 25 நொடியைப் பார்த்தேன், எல்லாம் சரியாக இருக்கிறது. லாகில் பார்த்தால் சர்வரே தினமும் 9:05-க்கு நின்று காலை 8:40-க்கு எழுந்திருக்கிறது. நேற்று ராத்திரி ஆபீஸிலேயே உட்கார்ந்திருந்தேன். வாட்ச்மேன் வந்தார், லைட்டை அணைத்தார், ஃபேனை அணைத்தார், என் மேஜைக்கு அடியில் குனிந்து, சர்வருக்குக் கரண்ட் தரும் இன்வெர்ட்டர் சுவிட்சையும் அணைத்தார். முன்பெல்லாம் ராத்திரி மெயில் பார்க்க யாரும் இல்லாததால் இத்தனை நாள் தெரியவில்லை. "அணைக்காதீர்கள்" என்று பெரிதாக எழுதி ஒட்டிவிட்டுத்தான் கிளம்பினேன். இன்று காலை லாகைப் பார்த்தால் மறுபடி 9:05.

அவர் ஒடிசாக்காரர், தமிழ் படிக்க வராது. இந்தியில் எப்படி எழுதுவது என்று யாராவது சொல்லுங்கள்.